மிக்காசாவின் பீரங்கிக் கூண்டுகள்

ஜப்பான் தேசத்துக்குச் சென்று திரும்பிய நம்மைத் திருப்பரங்குன்றம் சன்னதித் தெரு வாசகசாலையில் நண்பர்கள் சூழ்ந்துகொண்டு கேட்ட முதற் கேள்வி, "டோகோவின் கப்பலைப் பார்த்தீர்களா?" என்பதே. 1905ஆம் வருஷத்தில் ருஷியச் சக்கரவர்த்தியின் கடற்படையை நீருக்குள் அனுப்பிய அக்கப்பலின் கதையை முன்னோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்த தேசபக்தர்களுக்கு அது இயற்கையான கேள்வி. பார்த்தோம் என்று நாம் சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கையில், திண்ணையோரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் வாய் திறந்தார்.

"வக்கீல் தம்பி, எங்க பெரியப்பா மலாயாவுல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவரு. சயாம் ரயில் பாதைக்குன்னு ஜப்பான்காரன் பிடிச்சுட்டுப் போனான், திரும்பி வரல. அங்கே அதைப் பத்தி ஏதாச்சும் எழுதி வச்சிருக்கானா?"

முதற் கேள்விக்கு அன்றே விடை சொன்னோம். இரண்டாவது கேள்வி நம்மை வீடுவரை தொடர்ந்து வந்தது. இரண்டுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

மிக்காசா என்னும் அந்த யுத்தக் கப்பல், தோக்கியோ நகருக்குத் தெற்கே யோக்கோசூக்கா துறைமுகத்தில் கடலோரப் பூங்கா ஒன்றில் நிறுத்தப்பட்டிருக்கிறது. மிதக்கவில்லை, கரையில் புதைத்துச் சுற்றிலும் காங்கிரீட் இட்டு இறுக்கியிருக்கிறார்கள். பதினையாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இந்த இரும்பு மலையை வார்த்தது ஜப்பானியன் அல்லன். இங்கிலாந்தில் பாரோ என்னும் ஊரிலுள்ள விக்கர்ஸ் கம்பெனியார் 1899இல் தொடங்கி 1902இல் கட்டிக் கொடுத்தார்கள். அதே 1902இல்தான் ஆங்கிலேயரும் ஜப்பானியரும் நேச உடன்படிக்கை செய்துகொண்டனர். கீழ்த்திசையின் வெற்றி என்று நம்மவர் கொண்டாடிய வெற்றி, நம்மை ஆண்டவனுடைய பட்டறையில் அடித்த பீரங்கியால் கிடைத்தது என்பதை அக்காலத்தில் எத்தனை பேர் யோசித்தார்களோ, அறியோம்.

முன்தளத்தில் ஏறியவுடன் எதிரே நிற்பது பீரங்கிக் கூண்டு. கப்பலின் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பீரங்கிகள். வாயின் விட்டம் 12 அங்குலம். ஒரு குண்டின் எடை 850 ராத்தல், அதாவது ஏறக்குறைய 386 கிலோ. கண்ணுக்குத் தெரிகிற கூண்டு முழு அமைப்பில் ஒரு சிறு பகுதிதான். அதற்கு அடியில் 14 அங்குலக் கனமுள்ள எஃகுச் சுவர் கிணற்றுறைபோல் வளைந்து கீழிறங்கும். கிணற்றின் அடியில், நீர்மட்டத்துக்கும் கீழே, குண்டும் மருந்தும் இருக்கும் அறைகள். அங்கே இருப்பவன் வானத்தைக் காணமாட்டான், எதிரியையும் காணமாட்டான். இயந்திர ஏற்றத்தில் குண்டை ஏற்றி அனுப்புவது அவன் வேலை. மேலே கூண்டுக்குள் இருப்பவன் அதைக் குழாயில் திணித்து, பின்னால் மருந்துப் பைகளை வைத்து, கதவைச் சாத்துவான். வேறோர் இடத்தில் இருக்கும் அதிகாரி தூரத்தையும் திசையையும் கணித்துச் சொல்வான். கொல்லுகிற தொழிலை இத்தனை பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தபின், கொன்றவன் யார் என்று எந்த நீதிமன்றத்தில் நிர்ணயிப்பது?

உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்தோம். வழியில்லை. ஏனெனில் இவை உண்மையான கூண்டுகளே அல்ல; உண்மையானவை இருந்த இடத்தில் பிற்காலத்தில் செய்து நிறுத்திய மாதிரிகள். நேயர்கள் எவருக்கேனும் மெய்யான கூண்டின் உட்புறத்தைக் காணும் ஆவல் இருந்தால் லண்டனில் தேம்ஸ் நதியில் நிற்கும் பெல்பாஸ்டு என்னும் கப்பலுக்குப் போகவேண்டும். சில வருஷங்களுக்கு முன் நாம் அதில் நுழைந்திருக்கிறோம். ஆறங்குலப் பீரங்கிகள் மூன்று ஒரு கூண்டில். 112 ராத்தல் குண்டைக் கையால் தூக்கி வைக்கவேண்டும். நிமிர்ந்தால் தலை இடிக்கும், திரும்பினால் முழங்கை இடிக்கும். அக்கப்பலின் முன்பக்கப் பீரங்கிகளை, பல மைல் தொலைவில் நெடுஞ்சாலையிலுள்ள ஒரு வழிப்போக்கர் இளைப்பாறும் விடுதியை நோக்கிக் குறிவைத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆங்கிலேயனுடைய பரிகாசம் அப்படிப்பட்டது. அந்த விடுதியின் காப்பியைக் குடித்தவர்கள் அது நியாயமென்றும் சொல்லக்கூடும்.

மிக்காசாவின் அசல் பீரங்கிகள் போன கதை கேட்கத் தக்கது. 1922இல் வாஷிங்டனில் வல்லரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவாக, கப்பல் 1923இல் சேவையிலிருந்து நீக்கப்பட்டது. இனிப் போருக்கு உதவாதபடி நிலத்தில் பதித்து 1926இல் ஞாபகச் சின்னமாக்கினார்கள். 1945இல் ஜப்பான் தோற்றபின் கூண்டுகளும் பீரங்கிகளும் பாய்மரங்களும் புகைபோக்கிகளும் அகற்றப்பட்டன. மொட்டைத் தளத்தின்மேல் நடன மண்டபமும் மீன் காட்சிசாலையும் எழுந்தன. டோகோ நின்று கட்டளையிட்ட இடத்துக்கருகில் அந்நியச் சிப்பாய்கள் வாத்தியம் வைத்து ஆடினார்கள். பின்னர் ஜப்பானியரோடு அமெரிக்கக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸும் பணம் தந்து உதவ, 1961ஆம் வருஷம் மே மாதம் 27ந் தேதி, அதாவது சூஷிமா யுத்தத்தின் நினைவு நாளில், கப்பல் மறுபடியும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஜப்பானைத் தோற்கடித்த தளபதியே ஜப்பானின் வெற்றிச் சின்னத்துக்கு நன்கொடை அளித்தார்!

நாம் என்ன செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறோம். 1971 யுத்தத்தில் வங்கக் கடலைக் காத்த நமது விக்ராந்த், 1997இல் ஓய்வு பெற்று, 2001 முதல் 2012 வரை மும்பையில் காட்சிசாலையாக நின்றது. பராமரிக்கப் பணமில்லை என்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று தோற்றது. 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இரும்பில் ஒரு பங்கு மோட்டார் சைக்கிளாக விற்பனைக்கு வந்தது.

மீண்டும் மிக்காசாவுக்கு வருவோம். பக்கவாட்டில் ஆறங்குலப் பீரங்கிகள் தனித்தனி அறைகளில் நிற்கின்றன. சிறுவர்கள் மேல்தளத்திலுள்ள சிறு பீரங்கி ஒன்றின் சக்கரத்தைத் திருகி, குழாய் அசையும்போது கூவிச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் அபிஷேகம் மூலவருக்கன்று, அவர் கைவேலுக்குத்தான்; ஆயுதத்தைக் கண்டால் கை குவியும் வழக்கம் நமக்கும் பழையதே. ஆகையால் அச்சிறுவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆனால் சூஷிமாவில் முப்பதுக்கு மேற்பட்ட குண்டுகள் தாக்கியும் மூழ்காத மிக்காசா, சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகி ஒரு வாரம் முடிவதற்குள், 1905 செப்டம்பரில், சசேபோ துறைமுகத்தில் தன் சொந்த வெடிமருந்து வெடித்து மூழ்கியது. அந்த இரவில் மாண்டவர் இருநூற்றைம்பதுக்கும் அதிகம். எதிரியின் குண்டுகளால் சூஷிமாவில் அக்கப்பலில் இறந்தவர் தொகை அதற்கு அருகில்கூட வராது. பின்னர் மிதக்கவைத்துச் செப்பனிட்டார்கள்.

சூஷிமாவில் ருஷியர் தரப்பில் நாலாயிரத்துக்கு மேல் மாண்டனர். ஜப்பானியர் தரப்பில் 117 பேர். அச்செய்தி தந்தியில் வந்தபோது பாரதியார் சென்னையில் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக இருந்தார். வெள்ளையனை வெல்ல முடியாது என்று பள்ளிக்கூடம் முதல் கச்சேரி வரை சொல்லிக்கொடுத்திருந்த பாடம் ஒரே நாளில் பொய்யாயிற்று. மறு வருஷம் தூத்துக்குடியில், நம்மைப் போல் வக்கீல் தொழில் பார்த்தவரும் நமக்குக் கனவிலும் எட்டாத நெஞ்சுரம் கொண்டவருமான சிதம்பரம் பிள்ளை, சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். ஒரு தேசத்துக்கு முதுகெலும்பை நிமிர்த்திக் கொடுத்த சந்தோஷத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். பிள்ளையவர்களின் காலியாவும் லாவோவும் பீரங்கி தாங்கிய கப்பல்கள் அல்ல; பிரயாணிகளையும் சரக்கையும் ஏற்றின. அவை எந்தப் பூங்காவிலும் நிறுத்தி வைக்கப்படவில்லை.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. பீரங்கியின் பின்னால் நிற்பவன் நிறத்தைப் பார்த்து மகிழ்ந்தோம். அதன் வாய் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று கேட்கவில்லை. திரும்பியது கொரியா பக்கம். 1905 முடிவதற்குள் அந்நாட்டைத் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்த ஜப்பான், 1910இல் அதை அப்படியே விழுங்கிற்று. அதற்காக நம் நாட்டில் யாரும் தெருவில் அழுததாகத் தெரியவில்லை. எம்டன் விஷயத்திலும் இதே கதைதான். 1914 செப்டம்பர் 22 இரவில் அந்த ஜெர்மானியக் கப்பல் சென்னைமீது குண்டு பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் பலகை ஹைக்கோர்ட்டு மதிலில் இன்றும் இருக்கிறது. கெட்டிக்காரனை எம்டன் என்று சொல்லும் அளவுக்குக் கப்பலின் பெயர் தமிழாகிவிட்டது. துறைமுகத்தில் அன்று மாண்டவர்களின் பெயர் ஒன்றேனும் நம்மில் யாருக்காவது தெரியுமா?

1942 பிப்ரவரி 15ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அவ்வாண்டே சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதை போடத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தார்கள். யுத்தக் கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரையும் ஆசை காட்டியும் வளைத்துப் பிடித்தும் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரவர் மாண்டனர். வெள்ளைக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் காஞ்சனபுரியில் உண்டு. கூலிகளுக்குப் பெயர்ப் பட்டியலே ஒழுங்காக எழுதப்படவில்லை.

நேதாஜியின் சேனைக்கு ஜப்பான் உதவவில்லையா என்று சில அன்பர்கள் சீறுவார்கள். உதவியது. அச்சேனையில் மலாயாத் தமிழர் திரளாகச் சேர்ந்ததும், தோட்டத்துப் பெண்கள் ஜான்ஸி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தியதும் நாம் என்றும் போற்றும் உண்மைகள். ஆனால் நேதாஜி சிங்கப்பூர் வந்திறங்கிய 1943 ஜூலையில், அதே தோட்டங்களிலிருந்து போன வேறு தமிழர் சயாம் காட்டில் மழையில் நனைந்து செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாட்சியத்தை ஏற்று மற்றதை மறைக்கும் வக்கீல், கட்சிக்காரனுக்கு வேண்டுமானால் நல்லவன்.

யோக்கோசூக்காவிலிருந்து தோக்கியோ சென்று, யாசுக்குனி ஆலயத்தையடுத்த யுத்தக் காட்சிசாலையையும் பார்த்தோம். நுழைந்தவுடன் கூடத்தில் கறுப்பு வர்ணம் பளபளக்க ஒரு ரயில் இஞ்சின் நிற்கிறது. சயாம்-பர்மா பாதையின் திறப்பு விழாவில் ஓடிய இஞ்சின் அதுவே. 1979இல் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மிக்காசாவின் கூண்டு போலி; இது அசல். நெடுநேரம் அதைச் சுற்றி வந்தோம். பாதை போட்டுச் செத்த தமிழனைப் பற்றி ஒரு சொல்லும் நம் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

இதைப் பெரியவரிடம் மறுநாள் போய்ச் சொன்னோம். அவர் கோபப்படவில்லை; "நம்ம பக்கமாச்சும் எழுதி வச்சிருக்கோமா, தம்பி?" என்றுமட்டும் கேட்டார்.

ஆகவே மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலுள்ள நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் குடும்பத்தில் சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால், அவர் பெயர், ஊர், வேலை செய்த தோட்டத்தின் பெயர், வீட்டில் சொல்லக் கேட்டது எதுவாயினும் ஒரு தாளில் எழுதி நமது காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வாரந்தோறும் இப்பக்கத்தின் கடைசிப் பத்தியில் அவற்றை அச்சிடுவோம். பெரியவருடைய பெரியப்பாவின் பெயரை வாங்கிவந்து அச்சுக் கோப்பவரிடம் கொடுத்தாயிற்று.