நிறைந்த பெல்ட்டும் வறண்ட பெல்ட்டும்

கணிப்பொறி ஆட்டங்கள் பொழுதைக் கொல்வன என்பது பெரியோர் பலர் கொள்கை. அஃது எவ்வாறாயினும், செக் நாட்டின் தலைநகராகிய பிராக்கில் உள்ள ஒரு குழுவினர் இயற்றி, 2020-ஆம் ஆண்டில் முழு வடிவில் வெளியிட்ட ஃபாக்டோரியோ என்னும் ஆட்டம், ஆலை நடத்தும் கலையின் ஒரு கூற்றை நன்கு விளக்கவல்லது. ஆதலின் அதனை ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

அயற்கோள் ஒன்றில் தனித்து விழுந்த பொறியாளன் ஒருவன் தாது தோண்டி, உருக்கி, கருவிகள் சமைத்து, ஈற்றில் விண்ணில் ராக்கெட் ஏவுதலே கதை. பண்டங்களைச் சுமந்து செல்வன ஓடும் வார்கள். ஆலைத் தொழிலாளர் அவற்றைப் பெல்ட் என்பர். யாமும் அங்ஙனமே கூறுவாம்.

மஞ்சள் நிறமுடைய தொடக்கநிலைப் பெல்ட் நொடிக்கு 15 பண்டங்களைக் கொண்டு செல்லும். கல் உலையொன்று ஒரு தகடு உருக்க 3.2 நொடி கொள்ளும். ஆகவே ஒரு பெல்ட் நிறைய ஓடுவதற்கு 48 உலைகள் வேண்டும். இக்கணக்கு எளிது. இடர்ப்பாடு எழுவது பல பண்டங்கள் கூடி ஒன்றாகுமிடத்தேயாம்.

மின்சுற்றுப் பலகையை எடுத்துக்கொள்வோம். பலகை ஒன்றிற்கு ஓர் இரும்புத் தகடும் மூன்று செம்புக் கம்பிகளும் வேண்டும். செம்புத் தகடு ஒன்று இரண்டு கம்பிகளாகும். தொடக்கநிலைப் பொறி இவ்விரு தொழில்களுள் எதனையும் ஒரு நொடியில் ஒருமுறை செய்யும். எனவே, பலகை செய்யும் பொறி இரண்டிற்கு நொடிக்கு ஆறு கம்பிகள் வேண்டும். கம்பி செய்யும் பொறியோ இரண்டே தரும். இரண்டிற்கு மூன்று என்னும் விகிதம் இவ்வாறு பிறக்கின்றது. இவ்வைந்து பொறிகளும் ஓயாது இயங்க, நொடிக்கு இரும்புத் தகடு 2, செம்புத் தகடு 3 வேண்டும். அஃதாவது இரும்பிற்கு 7 உலைகளும் செம்பிற்கு 10 உலைகளும்.

கம்பியைப் பெல்ட்டில் ஏற்றுதல் தகாது. தகடாகச் செல்லும் செம்பு கம்பியாகச் சென்றால் இருமடங்கு இடம் கொள்ளும். தகடு நிறைந்த மஞ்சள் பெல்ட் நொடிக்குப் பத்துப் பலகைகளுக்குப் போதும். கம்பி நிறைந்ததோ ஐந்திற்கே போதும். ஆதலால் கம்பிப் பொறியைப் பலகைப் பொறியின் அருகே நிறுத்தி, இயந்திரக் கையால் நேரே மாற்றுவர்.

பலகை போதவில்லையெனின், புதிதாக ஆடுவோர் பலகைப் பொறியையே பெருக்குவர். அது பயன் தராது. பெல்ட்டைப் பார்த்தல் வேண்டும். பொறிக்கு முன்னுள்ள பெல்ட் வறண்டிருப்பின் குறை மேற்பக்கத்தது. அது நிறைந்து நிற்பின் குறை அப்பொறியிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. இவ்வாறே நடந்து சென்றால், ஒருபுறம் நிறைந்தும் மறுபுறம் வறண்டும் இருக்கும் ஓரிடம் எதிர்ப்படும். அதுவே இடுக்கு. (வெண்பாவிலும் தளை தட்டுவது ஒரு சீரில் தோன்ற, திருத்தவேண்டுவது அதற்கு முந்திய சீராதல் உண்டு.) அவ்விடுக்கை அகற்றினால் இடுக்கு வேறோரிடம் செல்லும், இவ்வாட்டத்திற்கு முடிவின்மை இதனாலேயே.

நின்ற பொறியைக் கண்டு வருந்துவார் பலர். அது வீண் வருத்தம். பெறுவாரின்மையால் பெல்ட் நிறைய, பொறி தானே ஓய்கின்றது, தாதும் மிஞ்சுகின்றது. உண்மையில் அஞ்சத்தக்கது ஒரே தடத்தில் இரு பண்டங்களைக் கலந்து விடுதல். ஒன்று தேங்கினால் மற்றொன்றும் வழியின்றி நிற்கும். பெல்ட்டிற்கு இரு தடங்கள் உள. இரும்பை ஒன்றிலும் செம்பை மற்றொன்றிலும் விடுக.

நிற்க. மெய்யான ஆலைகளில் இச்சமன்பாடு மக்கள் மேல் சுமத்தப்பட்டது. அமெரிக்காவில் ஹைலண்டு பார்க் என்னுமிடத்து ஃபோர்டு 1913-ஆம் ஆண்டில் நகரும் வரிசையை அமைத்தபோது, காரின் அடிச்சட்டம் கோக்க ஆகிவந்த ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம், அடுத்த ஆண்டிற்குள் 93 நிமிடமாகக் குறைந்தது. ஒரே அசைவை நாள் முழுதும் செய்யப் பொறாது தொழிலாளர் பலர் விலகினர். 1914 ஜனவரியில் தகுதியுடையோர்க்கு நாட்கூலி ஐந்து டாலராக உயர்த்தப்பட்டமைக்கு அதுவும் ஒரு காரணம். ஆட்டத்துப் பொறி மிகுதி கண்டவிடத்துத் தானே நிற்கும். அவர்களோ, மேலோர் குறித்த விரைவிற்கு ஈடுகொடுத்தே தீரவேண்டியிருந்தது. பழுது கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்னும் முறை, பிற்காலத்தில் ஜப்பானிய டொயோட்டா ஆலைகளில் வழக்காயிற்று.