‘உள்ளேன் ஐயா’ சொல்லாத கருவிகள்

கணிப்பொறியில் இணையக் கம்பியைச் செருகும் துளையின் ஓரத்தில் இரண்டு சிறு விளக்குகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கம்பியைச் செருகியதும் ஒன்று எரியத் தொடங்கும். மற்றொன்று செய்தி போகும்போதும் வரும்போதும் மின்னும். சில வேளைகளில் ஒரு விந்தை நிகழ்வதுண்டு. விளக்கு எரிகின்றது, கம்பியில் குறையில்லை, மறுமுனையும் சரி. ஆனால் ஓர் எழுத்துக்கூடப் போய்ச் சேருவதில்லை! சோதித்துப் பார்த்தால் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. கருவியைப் பற்றி எழுதி வைத்த குறிப்பில் ஒரே ஒரு சொல் தவறு.

அது என்ன குறிப்பு? யார், யாருக்காக எழுதியது?

கணிப்பொறியை இயக்கும் மென்பொருளின் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். 1991-இல் தோன்றிய லினக்ஸ் கெர்னல் கைபேசியிலும் ஓடும், மிகப் பெரிய கணிப்பொறியிலும் ஓடும். ஆகவே, விழித்தெழும் கெர்னலுக்குத் தான் எந்த மின்சுற்றுப் பலகையில் இருக்கிறோம் என்பதே முதலில் தெரியாது. புதிதாக வகுப்புக்கு வந்த ஆசிரியர் என்ன செய்வார்? வருகைப் பதிவு எடுப்பார் அல்லவா? கெர்னலும் அதையே செய்கிறது. பி.சி.ஐ. எனப்படும் இணைப்புப் பாதையில் ஒவ்வோர் இடமாக, ‘யார் அங்கே?’ என்று கேட்கிறது. அங்குள்ள கருவி ‘உள்ளேன் ஐயா’ என்பதுபோல் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரித்த நிறுவனத்தின் எண். மற்றொன்று கருவியின் எண். இன்டெல் நிறுவனத்தின் எண், பதினாறடிமான முறையில் 8086. அந்நிறுவனம் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சில்லின் பெயரும் 8086-தான்! (இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனமில்லை.) இடம் காலியாக இருந்தால் பதினாறு இலக்கங்களும் 1 என்றே பதில் வரும். யூ.எஸ்.பி. கருவிகளும் இப்படித் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்பவையே.

ஆனால் எல்லாக் கருவிகளும் பேசுவதில்லை. ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். அதன் மூன்றாம் வகை வரையில் ஈதர்நெட் துளை யூ.எஸ்.பி. வழியாகவே இணைந்திருந்தது, எனவே கேட்டால் பதில் சொன்னது. 2019-இல் வந்த நான்காம் வகையிலோ வேகத்தை உயர்த்துவதற்காக ஈதர்நெட் பகுதியை முதன்மைச் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பதற்குக் குரல் இல்லை. அது எந்த நினைவக முகவரியில் இருக்கிறது, அதற்கு எந்த டிரைவர் நிரல் பொருந்தும் என்பதையெல்லாம் வேறு யாராவது எழுதித் தந்தாக வேண்டும். அந்தக் குறிப்புக்குத்தான் ‘டிவைஸ் ட்ரீ’, அதாவது சாதன மரம் என்று பெயர். அடிமரம் பலகை, கிளைகள் அதிலுள்ள சில்லுகள், கிளையின் கிளைகள் அவற்றின் உட்பகுதிகள். மனிதர் படிக்கத் தக்க உரையாக எழுதி, சுருக்கிக் கட்டி, கெர்னல் எழும்போதே அதன் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இனி, அந்த ஒரு சொல்லுக்கு வருவோம். ஈதர்நெட் வேலையை இருவர் பகிர்ந்துகொள்கின்றனர். சில்லுக்குள் இருக்கும் ‘மேக்’ செய்தியைக் கட்டுக்கட்டாகக் கட்டும். துளைக்கு அருகே தனிச் சில்லாக இருக்கும் ‘ஃபை’ அதைக் கம்பியில் செல்லும் மின்துடிப்புகளாக மாற்றும். இருவருக்கும் இடையே, ஒரு திசைக்கு நான்கு தரவு இழைகளும், காலம் காட்டும் கடிகார இழை ஒன்றும் ஓடுகின்றன. கடிகாரம் வினாடிக்கு 12.5 கோடி முறை துடிக்கும். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என ஒவ்வோர் இழையும் துடிப்புக்கு இரண்டு பிட்டுகளைச் சுமக்கும். பெருக்கிப் பாருங்கள்: 12.5 கோடி × 2 × 4 = 100 கோடி பிட்டுகள். அப்படியானால் ஒரு பிட் இழையில் தங்குவது 4 நானோ வினாடி மட்டுமே.

கரும்பலகையில் ஆசிரியர் எழுதி எழுதி அழிக்கிறார். மணி அடிக்கும் கணத்தில் நீங்கள் அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழிக்கும் அதே கணத்தில் மணி அடித்தால் படத்தில் வெறும் சுண்ணாம்புப் பூச்சுதான் விழும். மணி சற்றுத் தாமதித்து, எழுத்து தெளிவாக நிற்கும் நடுநேரத்தில் அடிக்க வேண்டும். இங்கும் கடிகாரத்தைச் சரியாக 2 நானோ வினாடி தாமதப்படுத்த வேண்டும்.

எப்படித் தாமதப்படுத்துவது? செம்புத் தடத்தை நீட்டலாம். பலகையில் மின்குறி ஒரு நானோ வினாடிக்குச் சுமார் 15 செ.மீ. ஓடும், ஆக 30 செ.மீ. கூடுதல் தடம் தேவை. ராஸ்பெரி பையின் நீளமே 8.5 செ.மீ.தான்! பாம்புபோல் நெளித்து வரையலாம். ஆனால் சில்லுக்குள்ளேயே தாமதத்தை உண்டாக்குவது எளிது. மேக்கும் அதைச் செய்யக்கூடும், ஃபையும் செய்யக்கூடும். இங்கேதான் வம்பு. இருவருமே செய்யாவிட்டால் பூச்சு. இருவரும் செய்தால் 2 + 2 = 4; மணி அடுத்த அழிப்பின்போது அடிக்கும், மறுபடியும் பூச்சு! ஃபை தன் பெயரைச் சொல்லும். ஆனால் பலகையில் தடம் நெளிந்திருக்கிறதா என்பது அதற்கு எப்படித் தெரியும்? பலகையை வரைந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே சாதன மரத்தில் ஃபை எந்தத் திசையில் தாமதம் சேர்க்க வேண்டும் என்று ஒரு சொல் எழுதப்படுகிறது. அது தவறினாலும் விளக்கு எரியும். ஏனெனில் விளக்கை ஏற்றுவது ஃபையும் மறுமுனையும் பேசிக்கொள்ளும் பேச்சு. உடைந்திருப்பதோ ஃபைக்கும் மேக்குக்கும் இடையிலுள்ள பேச்சு.

2020-இன் இறுதியில் இது பல பலகைகளில் நிகழ்ந்தது. அவற்றின் மரத்தில் ‘தாமதம் வேண்டாம்’ என்று பொருள்படும் சொல் தவறாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவற்றிலிருந்த ரியல்டெக் ஃபையின் டிரைவர் அந்தச் சொல்லைச் சரிவரப் பின்பற்றவில்லை. பலகையின் மின்சுற்று அமைத்துவிட்ட தாமதமே நீடித்ததால் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. டிரைவரைத் திருத்தி, சொன்னபடி கேட்க வைத்தார்கள். வலை அறுந்தது! பிறகு ஒவ்வொரு பலகையின் மரத்திலும் அந்தச் சொல்லைத் திருத்த வேண்டியதாயிற்று.

இம்முறை புதிதன்று. இதன் மூலக் கருத்து 1994-லேயே ஐ.இ.இ.இ. 1275 என்ற தரமாக வெளிவந்தது. ஏ.ஆர்.எம். சில்லுகளுக்கு மட்டும் நெடுங்காலம் பலகைக்கொரு நிரல் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டுக் குவிந்தது. 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் சலித்துக் கடிந்த பின்னரே அங்கும் மரம் வேரூன்றியது.

உங்கள் பள்ளியில் ராஸ்பெரி பை 4 இருந்தால் நீங்களே பார்க்கலாம். ‘புராக்’ என்ற அடைவுக்குள் ‘டிவைஸ்-ட்ரீ’, அதற்குள் ‘எஸ்.சி.பி.’, அதற்குள் ஈதர்நெட் என இறங்குங்கள். ‘ஃபை-மோட்’ என்ற கோப்பில் ‘ஆர்.ஜி.எம்.ஐ.ஐ.-ஆர்.எக்ஸ்.ஐ.டி.’ என்று இருக்கும். வரும் செய்திக்கு ஃபை தாமதம் சேர்க்கட்டும், போகும் செய்திக்கு அது சேர்க்க வேண்டாம் என்பது அதன் பொருள்.