பொது நினைவகத்தை விடுவித்தல்

கல்முனைக்குடியிலே கலியாண விருந்துண்டவர்கள் சஹன் என்னும் பெருந்தட்டை அறிவர். ஐவர் அறுவர் ஒன்றாய் அமர்ந்து ஒரு சஹனிலிருந்தே உண்பர். ஒருவர் முந்தி எழுந்தாலும் தட்டை எவரும் எடுப்பதில்லை; கடைசிக் கை நீங்கிய பின்னரே எடுப்பர். கணினியின் பொது நினைவகமும் இத்தகையதொரு சஹனே. ஆயினும் அதனை எடுத்துவைப்பார் யார் என்னும் வினா அத்துணை எளிதன்று.

ஒரு செய்நிரலுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட நினைவகத்தை, அந்நிரல் முறைப்படி முடிந்தாலும் இடையில் முறிந்தாலும், பணிசெயல் முறைமை மீட்டுக்கொள்ளும். பெருந்தொகைத் தரவை விரைந்து பரிமாற விரும்பும் இரு நிரல்களோ, ஒரே நினைவகத் துண்டைத் தம்முடன் இணைத்துக்கொள்கின்றன. 1983இல் வெளிவந்த யுனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் வகுத்த முறையில் இத்துண்டு எந்த நிரலுக்கும் உரியதன்று. இணைந்தவை யாவும் மாண்ட பின்னரும் அது நிலைத்திருக்கும். எவரேனும் நீக்கக் கட்டளை இடவேண்டும், அன்றேல் கணினியை மீளத் தொடங்கவேண்டும்.

1996இல் பொதுமக்கள் கைக்கு வந்த கிம்ப் என்னும் படத் தொகுப்பு மென்பொருள் இதற்குத் தக்க சான்றாகும். பிளகின் எனப்படும் அதன் செருகிகள் தனித்தனிச் செய்நிரல்களாகவே இயங்குவன. செருகியொன்று முறிந்தாலும் தாய்நிரல் பிழைத்திருக்க இஃது உதவுகின்றது. படத்தின் சிறு கட்டங்கள் இரண்டுக்கும் இடையே பொது நினைவகத்தின் வழியே கைமாறும்.

'மூடும்போது நீக்குக' என்று நிரலின் ஈற்றில் எழுதிவைப்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் வழி. ஆனால் எல்லா நிரலும் தன் ஈற்றை எட்டுவதில்லை. சிக்கில் என்னும் கொலைக் குறிப்பு வந்தால் எந்த நிரலுக்கும் துப்புரவு செய்ய அவகாசம் கிடையாது. ஈற்றிலுள்ள கட்டளை நிறைவேறாமற்போக, துண்டு அநாதையாய் எஞ்சும். ஐ.பி.சி.எஸ். என்னும் கட்டளையால் நோக்கின், இணைந்தோர் தொகை 0 என்ற குறிப்புடன் அது பட்டியலிற் கிடக்கக் காணலாம்.

பரிகாரம் சற்று விந்தையானது. நீக்கக் கட்டளையை, துண்டை இணைத்தவுடனேயே இட்டுவிடுதல்! சிஸ்டம் ஃபைவ் முறையில் அக்கட்டளை, இணைந்தோர் இருக்கும்வரை துண்டை அழிப்பதில்லை. அழிவுக்குரியது என்று குறியிட்டுவைக்கும். இணைந்தோர் எண்ணிக்கையைப் பணிசெயல் முறைமையே வைத்திருப்பதால், இறுதி நிரல் விலகியதும், அது விடைபெற்றுச் சென்றாலும் கொல்லப்பட்டாலும், துண்டு ஒழியும்.

ஆயின் ஓர் இடர். கிம்பின் செருகிகளுட் பல, பயனர் அழைக்கும்போதே பிறப்பன. குறியிட்ட துண்டிலே பிந்தி வருவோர் இணைய லினக்ஸ் இடந்தரும். எல்லா முறைமைகளும் தருவதில்லை. ஆதலின் கிம்பை ஆக்கியோர், மென்பொருளைத் தொகுக்கும்போதே அம்முறைமையின் இயல்பைச் சோதித்து, இடந்தருமாயின் தொடக்கத்திலும், தராவிடின் மூடும்போதும் நீக்குமாறு எழுதினர். பின்னதில் பழைய ஆபத்து அப்படியே இருக்கின்றது. இதனைக் குறையென்பதிலும் நேர்மை என்பதே பொருந்தும்.

பிற்காலத்துப் போசிக்ஸ் முறையிலே துண்டுக்குப் பெயருண்டு; பெயர் நீங்குவது வேறு, நினைவகம் ஒழிவது வேறு. தொடக்கத்திலேயே பெயரை நீக்கிவிட்டு, பிந்திவரும் செருகிக்குத் திறந்த கோப்பின் விவரிப்பைக் கையளிக்கலாம். அவ்விவரிப்பும் சஹனிலுள்ள ஒரு கையாகவே எண்ணப்படும். செருகி மாண்டால் அக்கையும் தானே விலகும்.