காற்றுத் தூசின் கைரேகை

குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில், செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று தென்காசிக்குள் வேகமாக வீசுகிறது. தை மாத விடியற்காலையிலோ காற்று அடங்கிவிடுகிறது. ஊரிலுள்ள அடுப்புகளும் லாரிகளும் இரு காலங்களிலும் ஒரே அளவு புகை விடுவதாகக் கொள்வோம். நாம் சுவாசிக்கும் தூசும் ஒரே அளவாக இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஊரின் மேலுள்ள காற்றை ஒரு பெட்டியாகக் கருதுங்கள். அகலம் 2,000 மீட்டர். புகை கலக்கும் உயரம் 500 மீட்டர். காற்றின் வேகம் நொடிக்கு 5 மீட்டர். மூன்றையும் பெருக்கினால், நொடிக்கு 50 லட்சம் கன மீட்டர் காற்று பெட்டியைக் கடக்கிறது. அதில் நொடிக்கு 20 கிராம் தூசு கலந்தால், கன மீட்டருக்கு 4 மைக்ரோகிராம் மட்டுமே.

தை விடியலில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே உள்ள வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். கலக்கும் உயரம் 100 மீட்டர், வேகம் 1 மீட்டர் என்று கொண்டால் விடை 100 மைக்ரோகிராம். அதாவது 25 மடங்கு! இவை விளக்கத்திற்காக எடுத்துக்கொண்ட எண்களே. எனினும் பாடம் உண்மையானது: சாரல் காலத்தில் மட்டும் அளந்து, ஊரின் காற்று தூயது என முடிவு செய்யலாகாது.

2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள் நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடும். ஆகவேதான் 2009ஆம் ஆண்டில் இந்திய அரசு இவற்றிற்கு 24 மணி நேரச் சராசரியாக, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்தது.

எல்லை மீறினால் யாரைத் திருத்துவது? தூசே விடை சொல்லும். வடிதாளில் படிந்த தூசை ஆராய்ந்தால், சிலிக்கனும் அலுமினியமும் மண் புழுதியைக் காட்டும். பொட்டாசியம் விறகுப் புகையை உணர்த்தும். கரி டீசல் புகையை நினைவூட்டும். சோடியமும் குளோரினும் கடல் உப்பைக் குறிக்கும். ஒவ்வொரு மூலத்திலும் இவை எந்த விகிதத்தில் உள்ளன என்பது தெரிந்தால், பள்ளியில் கற்ற ஒருங்கமைச் சமன்பாடுகளைப் போலத் தீர்த்து அவரவர் பங்கைக் காணலாம். இதற்கு 'வேதியியல் நிறைச் சமநிலை' முறை என்று பெயர்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் வெளியிட்ட ஆறு நகர ஆய்வில், சென்னைக்கான பணியைச் சென்னை ஐ.ஐ.டி. செய்தது. புகை விடுவோர் கணக்கு, காற்றோட்டக் கணக்கு, தூசின் வேதியியல் ஆகிய மூன்றும் அதில் இணைந்தன.

சிறிய ஊர்களுக்கும் இம்முறை பொருந்தும். குற்றம் சாலைப் புழுதியுடையதாயிருக்க, செங்கல் சூளையை மூடினால் தொழிலாளியின் பிழைப்புத்தான் போகும். குழந்தையின் இருமல் நிற்காது. அளந்தறிந்து செய்யும் திருத்தமே பயன் தரும்.