ஊற்று நிலத்து வெண்மலர்

புல் என்று பெயர் பெற்றும் புல்லினத்தைச் சேராத செடி ஒன்று உண்டு. 'பர்னாசஸ் புல்' என்பது அதன் பெயர். பர்னாசஸ் என்பது கிரேக்க நாட்டிலே, தெல்பி என்னும் பழம்பெரும் கோயிலைத் தன் சரிவிலே தாங்கி நிற்கும் மலையாகும். கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிடீஸ், அம்மலையில் வளரும் பூண்டொன்றைப் பர்னாசஸ் புல் எனக் குறிப்பிட்டார். பிற்கால ஐரோப்பிய அறிஞர் அப்பெயரை இச்செடிக்கு வழங்கினர். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலறிஞர் லின்னேயஸ், 'பர்னாசியா பலுஸ்திரிஸ்' என்னும் அறிவியற் பெயரை அதற்குச் சூட்டினார். பலுஸ்திரிஸ் என்னும் இலத்தீன் சொல் 'சதுப்பு நிலத்துக்குரியது' எனப் பொருள்படும். இச்செடியின் வாழ்வும் தாழ்வும் அந்த ஒரு சொல்லிலே அடங்கியுள்ளன எனலாம்.

ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் குளிர்ந்த பகுதிகளில் இது வளர்கின்றது. மலையடிவாரத்தில் நீர் கசியும் ஊற்றங்கரைகளும், கால் வைத்தால் ஈரம் மேலெழும் புற்றரைகளுமே இதன் இருப்பிடம். இதய வடிவான இலைகள் சில நிலத்தை ஒட்டி நிற்கும். அவற்றின் நடுவிலிருந்து ஒரு சாண் அளவான தண்டு எழும். தண்டைத் தழுவினாற்போல ஒரே ஓர் இலை. உச்சியில் ஒரே ஒரு பூ. ஐந்து வெள்ளிதழ்களிலும் மெல்லிய நரம்புகள் தெளிவாக ஓடும். கோடை முதிர்ந்து, மற்றைய பூக்கள் பல உதிரத் தொடங்கும் காலத்திலேதான் இது மலர்கின்றது.

அம்மலரின் உள்ளமைப்பு வியப்புக்குரியது. இதழ்களுக்கு எதிரே ஐந்து மலட்டுக் கேசரங்கள் விசிறிபோல் விரிந்துள்ளன. அவற்றின் விளிம்பிலுள்ள மெல்லிய இழைகள் ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் நிறமான சிறு குமிழ் ஒன்று தேன்துளி போல மின்னும். அதைக் கண்டு ஈக்களும் வேறு பூச்சிகளும் வருகின்றன. ஆனால், அக்குமிழ்களோ உலர்ந்தவை. ஆயினும் வந்த விருந்து வெறுவயிற்றுடன் திரும்புவதில்லை. விசிறியின் அடிப்புறத்திலே உண்மையான தேன் சிறிதளவு சுரக்கின்றது. பொய்த்துளி அழைக்கின்றது, மெய்த்தேன் உபசரிக்கின்றது.

மகரந்தம் தரும் கேசரங்களும் ஐந்தே. அவை ஒரே வேளையில் முதிர்வதில்லை. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றாக, ஒவ்வொரு கேசரமும் நீண்டு வளைந்து, பூவின் நடுவிலுள்ள சூலகத்தின்மேல் வந்து நின்று மகரந்தத்தை வெளியிடும். தன் முறை முடிந்ததும் அது விலகிச் சாயும். அடுத்தது அவ்விடத்துக்கு வரும். ஐந்தும் தம் கடமையை முடித்த பின்னரே சூலகத்தின் நுனியாகிய குறி மகரந்தத்தை ஏற்கும் பக்குவம் அடைகின்றது. தன் மகரந்தம் தன்னிலேயே படியாமல், பிற பூவின் மகரந்தம் வந்து சேர்வதற்கு இயற்கை வகுத்த ஒழுங்கு இது.

இத்தகைய மலருக்கு வளமான மண் தேவையில்லை என்பது கருதத்தக்கது. ஊற்று நிலம் பெரும்பாலும் சத்துக் குறைந்தது. ஆகையால், உயர்ந்து அடர்ந்து வளரும் புற்கள் அங்கே ஓங்குவதில்லை. குட்டையான இச்செடிக்கு வெயில் கிடைக்கின்றது. நீரை வடித்து, உரமிட்டு, நிலத்தைத் 'திருத்தி'விட்டால் உயரப் புற்கள் ஓங்கி இதனை மூடிவிடும்.

அல்ப்ஸ் மலைக்கு வடக்கே, சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியின் பவேரியாவிலும் உள்ள ஈரப் புற்றரைகளின் வரலாறு இதற்குச் சான்று. அங்குள்ள உழவர் அந்நிலங்களிலே இலையுதிர் காலத்தில் மட்டுமே புல் அறுத்தனர். அப்பொழுது முற்றிக் காய்ந்துபோன அப்புல் மாடுகளுக்கு நல்ல தீவனமாகாது. தொழுவத்தில் அவை படுப்பதற்குப் பரப்பும் வைக்கோலாகவே அது பயன்பட்டது. அவ்வாறு காலந்தாழ்த்தி அறுத்தமையால், பிந்திப் பூக்கும் இம்மலர் விதை முற்றி உதிர்க்க அவகாசம் பெற்றது. ஆண்டுக்கு ஒருமுறை அறுத்தமையால், புதரும் மரமும் எழுந்து நிழல் கவியவில்லை. மலரைக் காக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணியதில்லை. ஆயினும் அவர்களது அரிவாளே அதைக் காத்தது.

இருபதாம் நூற்றாண்டிலே தொழுவங்களின் அமைப்பு மாறியது. படுக்கைப் புல்லின் தேவை குறைந்தது. சில புற்றரைகளில் வடிகால் வெட்டி, உரமிட்டு, தீவனப் புல் வளர்த்தனர். வேறு சில கைவிடப்பட்டுப் புதர் மண்டின. இருவழியாலும் இம்மலர் இடமிழந்தது. எஞ்சிய புற்றரைகள் சிலவற்றிலே, பழைய முறைப்படி பிந்திப் புல் அறுப்பதற்காக உழவருக்கு இன்று அரசு பணம் வழங்குகின்றது. முன்னாளில் இயல்பாக நடந்த ஒரு வேலையை இந்நாளில் விலை கொடுத்து நடத்த வேண்டியிருக்கின்றது.

தமிழகத்துக்கும் இம்மலரின் குலம் அந்நியமன்று. நீலகிரி மலையின் ஈரமான இடங்களிலே இதற்கு உறவான செடிகள் வெண்மலர் பூக்கின்றன. சென்னை மாகாணத்தில் பல்லாண்டு பணிபுரிந்த ஸ்கொட்லாந்துத் தாவரவியலறிஞர் ரொபேட் வைற்றின் பெயரைத் தாங்கிய 'பர்னாசியா வைற்றியானா' அவற்றுள் ஒன்று. அங்கும் சதுப்பான பள்ளங்களை வீண் நிலம் என்று கருதுவோர் உளர். மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குச் சிறுகச் சிறுக விடுபவை அப்பள்ளங்களே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இம்மலர் பூத்திருக்கும் நிலத்தில் ஊற்று இன்னும் வற்றவில்லை என்பது உறுதி. அது மறைந்த இடத்தில், மறைந்தது பூ மட்டுந்தானா என்பதை ஆராய்ந்து பார்ப்பது அறிவுடைமையாகும்.