அலோன்சோ 246, வெட்டெல் 231: ஆட்ஸ் என்ன சொல்கிறது?

தமிழில் ஓடுவதும் பந்தயம்தான், அதன்மேல் பணம் கட்டுவதும் பந்தயம்தான். குழப்பம் வேண்டாமென்று இந்தப் பதிவில் ஓடுவதை ரேஸ் என்றும், பணம் கட்டுவதை பெட் என்றும் எழுதுகிறேன். பெட் கட்டச் சொல்லித் தரும் பதிவு இல்லை இது. "இந்த வருஷ ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆக இவருக்கு 1.40, அவருக்கு 5.00" என்று செய்திகளில் போடுகிறார்களே, அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதுதான் விஷயம்.

2010 சீசனை எடுத்துக்கொள்வோம். கடைசி ரேஸ் நவம்பர் 14, அபுதாபி. அதற்கு முன் புள்ளிப் பட்டியல் இப்படி இருந்தது: ஃபெராரியின் அலோன்சோ 246, ரெட் புல்லின் வெப்பர் 238, அதே ரெட் புல்லின் வெட்டெல் 231, மெக்லாரனின் ஹாமில்டன் 222. ஜெயித்தால் 25 புள்ளி, இரண்டாவது வந்தால் 18, மூன்றாவது 15, நான்காவது 12, ஐந்தாவது 10. நாலு பேருக்குமே கணக்குப்படி வாய்ப்பு இருந்தது.

முந்தின நாள் தகுதிச் சுற்றில் வெட்டெல் முதலிடம். அலோன்சோ மூன்றாவது, வெப்பர் ஐந்தாவது. இந்த நிலையில் ஒரு புக்கி என்ன ஆட்ஸ் கொடுக்கலாம்? கணக்குப் போட்டுப் பார்க்க நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன் (அன்றைய நிஜ ஆட்ஸ் இல்லை): அலோன்சோ 1.40, வெட்டெல் 5.00, வெப்பர் 6.50, ஹாமில்டன் 100.

5.00 என்றால், 100 பவுண்டு கட்டி ஜெயித்தால் கட்டிய காசோடு சேர்த்து 500 கைக்கு வரும். பிரிட்டனில் இதையே 4/1 என்று எழுதுவார்கள், அதாவது ஒன்றுக்கு நாலு லாபம். எண்ணை வாய்ப்பாக மாற்றுவது சுலபம்: 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். அலோன்சோ 71.4%, வெட்டெல் 20%, வெப்பர் 15.4%, ஹாமில்டன் 1%.

கூட்டிப் பாருங்கள். 107.8% வருகிறது! நாலு பேரில் ஒருத்தர்தான் சாம்பியன் ஆக முடியும், அப்போ கூட்டல் 100-ஐத் தாண்டக் கூடாதே? அந்த 7.8தான் புக்கியின் பங்கு. நிஜ வாய்ப்புக்குத் தர வேண்டியதைவிட எல்லாருடைய ஆட்ஸையும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்துக் கொடுப்பதால் இது வருகிறது. யார் ஜெயித்தாலும் நீண்ட நாளில் கடை நஷ்டமில்லாமல் ஓடுவது இதனால்தான். ஒவ்வொன்றையும் 1.078-ஆல் வகுத்தால் புக்கியின் பங்கு கழிந்துவிடும்: அலோன்சோ சுமார் 66%, வெட்டெல் 18.5%, வெப்பர் 14%, ஹாமில்டன் 1%-க்கும் கீழே.

இன்னொன்றையும் கவனியுங்கள். புள்ளிப் பட்டியலில் வெப்பர் இரண்டாவது, வெட்டெல் மூன்றாவது. ஆனால் நான் போட்ட ஆட்ஸில் வெட்டெல் முன்னாடி வந்துவிட்டார். தப்பா? இல்லை. புள்ளிப் பட்டியல் நடந்து முடிந்ததைச் சொல்கிறது, ஆட்ஸ் இனி நடக்கப் போவதை எடை போடுகிறது. வெட்டெல் ஜெயித்தால் 256. அப்போது அலோன்சோ நான்காவது வந்தாலும் 258 எடுத்துத் தப்பித்துவிடுவார். வெப்பர் ஜெயித்தால் 263. அலோன்சோ இரண்டாவது வந்து 264 எடுத்தால்தான் தப்பிக்க முடியும். பார்த்தால் வெப்பர்தான் ஆபத்து. ஆனால் வெப்பர் ஐந்தாவது இடத்திலிருந்து கிளம்பி ஜெயிக்க வேண்டும், வெட்டெலோ முதலிடத்திலிருந்தே கிளம்புகிறார்.

வெட்டெல் சாம்பியன் ஆக முக்கியமான வழி இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பது: அவர் ஜெயிக்கணும், அலோன்சோ ஐந்தாவது அல்லது அதற்கும் கீழே வரணும். முதலாவதுக்கு 50%, இரண்டாவதுக்கு 25% என்று வைத்தால், பெருக்கினால் 12.5%. இங்கேதான் பலர் சறுக்குவது. இப்படிப் பெருக்கலாம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காதவையாக இருக்க வேண்டும். வெட்டெல் முதலிடத்தை எடுத்துவிட்டாலே முதல் நாலு இடங்களில் அலோன்சோவுக்கு மிச்சம் மூணுதான். ஒன்று நடந்தால் மற்றதன் வாய்ப்பும் ஏறுகிறது. அதனால் நிஜ வாய்ப்பு 12.5-ஐவிடக் கூடுதல்.

சரி, என்ன நடந்தது? ரேஸ் தொடங்கியதும் அலோன்சோ ஓரிடம் இழந்து நான்காவதானார். அதுவே போதுமான இடம்! 11-ஆவது சுற்றில் வெப்பர் டயர் மாற்ற உள்ளே போனார். அவர் முந்திவிடக் கூடாது என்று ஃபெராரி 15-ஆவது சுற்றில் அலோன்சோவையும் உள்ளே அழைத்தது. வெப்பருக்கு முன்னால்தான் வெளியே வந்தார், அதுவரை திட்டம் சரி. ஆனால் முதல் சுற்று விபத்தின்போதே டயர் மாற்றி முடித்திருந்த ரெனோவின் பெட்ரோவ் அவருக்கு முன்னால் இருந்தார். மிச்சமிருந்த சுமார் 40 சுற்றும் அலோன்சோவால் அவரைத் தாண்ட முடியவில்லை. ஏழாவதாக முடித்தார், 252. வெட்டெல் ஜெயித்தார், 256. அந்த சீசனில் அதுவரை ஒரு நாள்கூடப் பட்டியலில் முதலிடத்தில் இல்லாதவர், 23 வயதில் சாம்பியன்.

ஃபெராரியின் தவறு கூட்டலில் இல்லை. பட்டியலில் அடுத்து நிற்பவரையே எதிரியாகப் பார்த்தார்கள், வெப்பருக்குப் பூட்டுப் போடும் அவசரத்தில் வெட்டெலுக்குக் கதவு திறந்துவிட்டது.

அப்போ 66% என்று சொன்ன ஆட்ஸ் பொய்யா? லூடோவில் ஆறு விழுந்தால் யாராவது அதிசயப்படுகிறோமா? அதன் வாய்ப்பு 16.7%. நம் கணக்கில் வெட்டெலின் வாய்ப்பு அதைவிடவே அதிகம். 2007-இல் இன்னும் வினோதம்: ஒரு வெற்றிக்கு 10 புள்ளிதான், இரண்டு ரேஸ் மிச்சம், ரைக்கோனென் 17 புள்ளி பின்னால். கடைசியில் அவர் 110, ஹாமில்டனும் அலோன்சோவும் தலா 109.

ஒரு ரேஸின் முடிவை வைத்து ஆட்ஸ் சரியா தப்பா என்று சொல்ல முடியாது. 66% என்று சொல்லப்பட்ட நூறு சம்பவங்களைச் சேர்த்து, அதில் 66-ஐ ஒட்டி நடந்ததா என்று பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்த்தவர்கள் ஒரு சாய்வைக் கண்டிருக்கிறார்கள். வாய்ப்பே இல்லாதவர்கள்மேல் ஜனங்கள் அளவுக்கு மீறி ஆசைப்பட்டுக் கட்டுகிறார்கள் என்று குதிரைப் பந்தயத்தை வைத்து 1949-லேயே ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. 100 என்று போட்டிருந்தால் 1% என்று நம்பிவிடாதீர்கள், நிஜம் பெரும்பாலும் அதற்கும் கீழே.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியலைப் பார்த்தால் மூணே வேலைதான். வகுங்கள், கூட்டுங்கள், 100-க்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அந்த மிச்சம், கட்டுகிறவர்கள் பையிலிருந்து போவது. அது தெரிந்த பிறகு எனக்கு ரேஸ் பார்க்கிற சுகமே போதுமென்று ஆகிவிட்டது.