போர்க்காலக் காகிதங்கள் – 7: ‘விக்டரி’யில் இருந்த தாத்தா

சென்ற வாரம் பிரிட்டிஷ் தரைப்படைக் கோப்புகள் என்ன ஆயின என்று பார்த்தோம். 1940 செப்டம்பரில் லண்டன் ஆர்ன்சைடு தெருக் கிடங்கில் ஜெர்மன் குண்டு விழுந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோயின. கடற்படைப் பேரேடுகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. அந்தப் போரில் மாலுமியாக இருந்த கொள்ளுத்தாத்தாவைத் தேடும் பிரிட்டிஷ் குடும்பத்துக்கு அநேகமாக அவருடைய பக்கம் கிடைத்துவிடும். லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ‘ஏடிஎம் 188’ என்ற வரிசையில் அவை இருக்கின்றன. 1853 தொடங்கி 1928 வரை சேர்ந்த சாதாரண மாலுமிகளின் பதிவுகள் அதில் அடக்கம். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் தெரிந்தால் இணையத்திலேயே தேடலாம். அதிகாரிகளுக்குத் தனி வரிசை. அதைப் பிறகு பார்ப்போம்.

பக்கம் கிடைத்ததும் பலர் செய்வது, கப்பல் பெயர்களைப் படித்துவிட்டுக் கதை கட்டுவதுதான். அங்கேதான் வழி தவறுகிறது. 1916இல் ‘விக்டரி’ என்று எழுதியிருந்தால், டிராஃபால்கரில் நெல்சன் நின்று போரிட்ட கப்பலில் நம் தாத்தா இருந்தார் என்று பொருள் இல்லை. அது போர்ட்ஸ்மத் கடற்படைக் குடியிருப்பின் கணக்குப் பெயர். ‘விவிட்’ என்றால் டெவன்போர்ட். ‘பெம்புரோக்’ என்றால் சாத்தம். கடற்படைச் சட்டம் ஒருவரைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், அவர் ஏதாவது ஒரு போர்க்கப்பலின் புத்தகத்தில் பெயர் பதிந்தவராக இருக்க வேண்டும். ஆகவே கரையில் இருந்த பயிற்சிப் பள்ளிக்கும் படைவீட்டுக்கும்கூடக் கப்பல் பெயர் வைத்தார்கள். நீர்மூழ்கியிலோ சிறு ரோந்துப் படகிலோ வேலை செய்தவர்கள், தாய்க்கப்பலின் அல்லது தளத்தின் பெயரில் பதியப்பட்டார்கள். உண்மையில் அவர் எந்தப் படகில் இருந்தார் என்பது சில பக்கங்களில் அடைப்புக்குறிக்குள் சிறிதாக எழுதப்பட்டிருக்கும். பல பக்கங்களில் அதுவும் இருக்காது.

இந்தப் பேரேடு வாழ்க்கை வரலாறு எழுதுவதற்காக உண்டானது அல்ல. யாருக்கு எங்கே சம்பளம், எங்கே சாப்பாடு, யார் பொறுப்பு என்ற கணக்கு அது. அப்படிப் படித்தால்தான் ஒவ்வொரு கட்டமும் பேசத் தொடங்கும்.

எண்ணிலிருந்து தொடங்கலாம். 1908 முதல் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து சேர்ந்தது. ‘ஜே’ என்றால் மேல்தளத்து மாலுமி அல்லது சமிக்ஞைக்காரர். ‘கே’ என்றால் கொதிகலன் அறையில் கரி அள்ளிப் போட்டவர். ‘எல்’ என்றால் அதிகாரிகளுக்குச் சமைத்தவர், பரிமாறியவர். எண் தெரியவில்லை என்றால் வீட்டில் பழைய பதக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பலர் முகப்பை மட்டும் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு விளிம்பைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

அடுத்து உடல் அடையாளம். உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாம் அதில் உண்டு. புகைப்படமே இல்லாத குடும்பத்துக்கு அந்த மனிதரின் உருவமாக மிஞ்சுவது இந்த ஒரு வரிதான். என்னைக் கேட்டால், போர்க்களப் பெயர்களைவிட இந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

பிறகு நடத்தை. ஆண்டுதோறும் டிசம்பர் 31 அன்று ஒவ்வொருவருக்கும் மதிப்பீடு எழுதினார்கள். ‘விஜி’ என்றால் மிக நன்று. ஓர் ஆண்டு அது இறங்கி, பக்கத்திலேயே சிறைக்கொட்டடியில் இத்தனை நாள் என்று இருந்தால், அந்த ஆண்டு ஏதோ நடந்திருக்கிறது. ‘ரன்’ என்றால் ஓடிப்போனவர். ‘டிடி’ என்ற இரண்டெழுத்து, இறந்ததால் பெயர் நீக்கப்பட்டவர் என்பதைச் சொல்கிறது.

வீட்டில் படம் இருந்தால் அதையும் பேரேட்டோடு ஒட்டிப் படிக்க வேண்டும். இடது கையில் தலைகீழ்க் கூம்பாக உள்ள பட்டைகளைச் சார்ஜென்ட் பதவி என்று எண்ணிவிடுகிறார்கள். கடற்படையில் அவை நன்னடத்தைப் பட்டைகள்: 3, 8, 13 ஆண்டுகள் முடிந்தபோது ஒவ்வொன்றாகக் கிடைத்தவை. தொழில் அடையாளம் வலது கையில் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் எடுத்த படம் என்றால் தொப்பி நாடாவிலிருந்து கப்பலைக் கண்டுபிடிக்க முடியாது. ரகசியம் காக்க வேண்டி, கப்பல் பெயரை எடுத்துவிட்டு ‘எச்எம்எஸ்’ என்று மட்டும் நாடாவில் விட்டிருந்தார்கள்.

இந்தப் பேரேட்டு விதிகள் ஒரு வாழ்க்கையை எப்படிச் சொல்கின்றன என்பதற்கு ஜாக் கார்ன்வெல்லைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எண் ஜே 42563. லண்டனை ஒட்டிய லேட்டனில் 1900 ஜனவரி 8 அன்று பிறந்தவன். தேயிலை வண்டியில் சரக்குக் கொடுக்கும் பையனாக இருந்தவன். 1915இல் கடற்படையில் சேர்ந்து டெவன்போர்ட்டில் பயிற்சி பெற்றான். ‘செஸ்டர்’ கப்பலில் ஏறி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது; ஜட்லாந்துக் கடற்போர் வந்தது. 1916 மே 31 அன்று பீரங்கியைச் சுற்றி நின்றவர்கள் விழுந்து கிடக்க, தானும் காயப்பட்ட நிலையில் உத்தரவுக்குக் காத்து அதே இடத்தில் நின்றான். ஜூன் 2 அன்று கிரிம்ஸ்பியில் இறந்தான். முதலில் பொதுக்குழியில்தான் அடக்கம் செய்தார்கள். செய்தித்தாள்களில் செய்தி பரவிய பிறகு ஜூலை 29 அன்று தோண்டியெடுத்து முழு ராணுவ மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்தார்கள். வீரத்துக்கான விக்டோரியா சிலுவையைத் தாய் வாங்கிக்கொண்டார். சிறுவனாகச் சேர்ந்தவனுக்கு ஒப்பந்தக் காலம் 18 வயது நிறைந்த அன்றுதான் தொடங்கும். அதாவது கார்ன்வெல்லின் முறையான சேவை தொடங்கியிருக்க வேண்டிய நாள் 1918 ஜனவரி 8. பேரேட்டு விதி தெரிந்தவருக்கு இந்தத் தேதி ஒன்றே நெஞ்சை அடைத்துவிடும்.

எல்லாருக்கும் இப்படிச் செய்தித்தாள் சாட்சி இல்லை. மற்றவர்களுக்குக் கப்பலின் தினப்பதிவுதான் அடுத்த படி. அது ‘ஏடிஎம் 53’ வரிசை. அதில் திசை, வேகம், காற்று, வானிலை, நோயாளிகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை எல்லாம் உண்டு. மாலுமிகளின் பெயர் பெரும்பாலும் இராது. ஆனாலும் தாத்தா அந்தக் கப்பலில் இருந்த நாட்களை எடுத்து வைத்துக்கொண்டால், எந்த இரவு புயல், எந்தத் துறைமுகத்தில் கரி ஏற்றினார்கள் என்று தெரிந்துவிடும். கரி ஏற்றும் நாளில் அநேகமாகக் கப்பலில் உள்ள எல்லாருமே மூட்டை தூக்கினார்கள். 2010இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பழைய வானிலையை அறிவதற்காக அந்தக் காலத் தினப்பதிவுகளைத் தன்னார்வலர்கள் படியெடுத்தார்கள். தட்பவெப்ப ஆய்வுக்குச் செய்த வேலை எத்தனையோ பேரப்பிள்ளைகளுக்கு உதவியது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்கு, லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்டவர்களுக்கு, இப்படி ஆளுக்கொரு பக்கம் கிடையாது. சில்ஹெட், சிட்டகாங், ரத்னகிரி, கோவா போன்ற பகுதிகளிலிருந்து சாராங் என்னும் தலைவர் வழியாகக் கூட்டமாகச் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்கு அருகே ‘பெர்சியா’ என்ற பயணிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி எச்சரிக்கையின்றித் தாக்கியது. பம்பாய் நோக்கி வந்துகொண்டிருந்த கப்பல் அது. 340 பேருக்கு மேல் இறந்தார்கள். லஸ்கர்களும் அவர்களில் இருந்தார்கள். அதில் பயணம் செய்த சீமான்கள், சீமாட்டிகள் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கொதிகலன் அறையில் இருந்தவர் எந்த ஊர், யாருடைய மகன் என்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். இது எனக்குப் பெரிய வருத்தம். நெருப்புக்கு இரையாகித் தொலைந்ததல்ல இது. எழுதிவைக்க வேண்டும் என்று யாரும் நினைக்காததால் வந்த இழப்பு.

ஆனாலும் பிடித்துக்கொள்ள ஒரு நூலிழை இருக்கிறது. கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத இந்திய மாலுமிகள் 2,000 பேருக்கு மேல், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பம்பாய் 1914–1918 நினைவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறார்கள். இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் கன்னாபின்னாவென்று இருக்கும்; பெயரை வைத்துத் தேடாதீர்கள். கப்பல் பெயர் வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால் அதையும், கப்பல் மூழ்கிய தேதியையும் வைத்துத் தொடங்குங்கள். அந்தத் தேதியில் இறந்தவர்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால், நம்மவர் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் எதிர்ப்படலாம்.

அடுத்த வாரம்: கப்பல் அதிகாரிகளைப் பற்றி மேலதிகாரிகள் எழுதிவைத்த அந்தரங்கக் குறிப்புகள்.